குடிக்கலாம்

வா கண்ணு, உள்ள தள்ளி உக்காரு. ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், நீயே போ. நீ வாந்தி எடுக்கற ஆளா? இல்லையா? அப்பச் சரி. இந்தக் கோத்தகிரி ரோட்டுல வளைவு ஆரம்பிச்சாப் போதும், பக்கத்துல உக்கார்றவ என்ற சேலையிலதான் எடுக்கறா. அந்தப் பைய மேல வெக்காத, உருண்டு எவன் மண்டையிலயாவது விழுகும். மடியிலயே வெச்சுக்க.

என்ன அது உள்ளுக்குள்ள, டப்பாவா? கொண்டா பாக்கலாம்.

அட கருமமே. இதையா காசு குடுத்து வாங்கிட்டுப் போறே?

சிநேகிதி புது ஊடு பால் காச்சறாளா? சந்தோசம். பால் காச்சற ஊட்டுக்கு ஒரு குண்டா வாங்கிட்டுப் போ, ஒரு கடியாரம் வாங்கிட்டுப் போ. போயும் போயும் டீத்தூளா? அதும் இந்த டீத்தூளா? மேல என்ன எழுதியிருக்குது, படி. சத்தமாப் படி. "குடிக்கலாம்." ஆமா, கம்பெனிக்குப் பேரே அதுதான். ஒரு சாமி பேரு, ஒரு பூவு பேரு கெடைக்கல அவளுக்கு. குடிக்கலாமாம், குடிக்கலாம்.

கீழ இருக்கற படத்தப் பாரு. வாய ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு, கையில டம்ளரு வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள. மத்த டீத்தூளுக்காரனெல்லாம் மூக்கும் முழியுமா ஒரு புள்ளையச் சிரிக்க வெச்சுப் படம் போடுவான். இவ போட்டிருக்கற லட்சணத்தப் பாத்தியா?

இப்ப என்ற மூஞ்சியப் பாரு.

சிரிக்காத. நாந்தான் அது.

என்ற பேரு துளசிமணி. மேட்டுப்பாளையத்துல சிறுமுகை ரோட்டுல எங்கப்பன் ஊடு. என்ற ஊட்டுக்காரர் போய்ச் சேந்ததுக்கு அப்பறம் நான் அங்கயே வந்துட்டேன். முன்னால என்ற தம்பி சென்னியப்பனும் அவம் பொண்டாட்டியும் இருக்கறாங்க. பொடக்காளிப் பக்கம், அதான் கொல்லப்பக்கம், துணி தொவைக்கற கல்லு, ஒரு கறிவேப்பிலைச் செடி, ரெண்டு ரூமு. அது என்ற பாகம். நான் உண்டு, என்ற டிவி உண்டுன்னு கெடக்கறவ. என்னயக் கொண்டு போய் டப்பால ஒட்டுனவ யாருன்னா, அந்தத் தம்பி பொண்டாட்டிதான். பேரு சுகந்தி. நான் அவளுக்கு நங்கையா. எங்க பக்கம் நாத்தனார நங்கையான்னுதான் கூப்புடறது.

அவ கோத்தகிரிக்காரி. அவங்கப்பனுக்கு அங்க கொஞ்சம் டீத்தோட்டம். தோட்டம்னா என்னமோ எஸ்டேட்டுன்னு நெனச்சுக்காத, ஒரு ஆடு மேஞ்சா முடிஞ்சு போகும். பறிக்கற எலைய அந்தாளு காலங்காலமா ஃபேக்டரிக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தான். இவதான் ஒரு நாள் என்ற தம்பிகிட்ட நாயம் பேசறா. எல்லாத்தோட எலையோடயும் சேத்து அரைச்சுத் தூளாக்கீர்றாங்களாம். அவங்க எலைக்குன்னு ஒரு வாசம் இருக்குதாம். அது ஒருத்தருக்கும் தெரியறதில்லையாம். நான் பொடக்காளியில இருந்தே கேட்டேன், "எலைக்கு என்னடி வாசம்? மாட்டக் கேட்டாச் சொல்லும்"னு. சிரிக்கறா. அவளுக்கு ரோசம்னு ஒண்ணு கெடையவே கெடையாது கண்ணு. இருந்திருந்தா அன்னிக்கே உட்டுருப்பா.

அப்பறம் பாக்கோணுமே கூத்த. ஊர்ல இருந்து பையில எல வரும். என்ற தம்பி படுக்கற கட்டிலு மேல வேட்டிய விரிச்சு எலையப் பரப்பி, ஃபேனப் போட்டுட்டு, அவன் கீழ பாயில படுத்துக்குவான். எல கட்டில்ல, மனுசன் தரையில! வாடுன எலைய உள்ளங்கையில வெச்சு உருட்டுவா, உருட்டுவா, அப்பிடி உருட்டுவா. பொறவு இரும்புச் சட்டியில போட்டு வாட்டறது. ஊடே நாறும். அக்கம் பக்கத்துல, "என்னக்கா, எதோ தீயற வாசம் வருதே"ன்னு கேப்பாங்க. "என்ற தம்பி மானந்தான் தீயுது"ன்னு சொல்லுவேன்.

அதோட உட்டாளா? விடிஞ்சா ஒரு டம்ளரத் தூக்கிட்டு என்ற வாசல்ல வந்து நிப்பா. "நங்கையா, குடிச்சுப் பாருங்க." பாலு கெடையாது, சக்கரை கெடையாது, வைக்கோலு ஊறுன நெறத்துல ஒரு தண்ணி. பாலில்லாத டீய எங்கூட்டுல காச்சல்காரனுக்குக் கூடக் குடுக்க மாட்டோம். ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டு, "போடி, புல்லுத்தண்ணி"ன்னு மிச்சத்தக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தீருவேன். விடிஞ்சா மக்யா நாளு மறுபடியும் வருவா. "இரும்புக் கரண்டி கழுவுன தண்ணி"ம்பேன், செடிக்கு ஊத்துவேன். அதுக்கு மக்யா நாளு வருவா. "கோரப்பாய ஊறவெச்சியா?"ம்பேன். எத்தன வஞ்சாலும் போக மாட்டா. அங்கயே நின்னுட்டு, "எதனால அப்பிடி இருக்குதுங்க?"ன்னு கேப்பா. "எனக்கென்னடி தெரியும், நெருப்ப அள்ளிக் கொட்டிருப்பே, அடி நாக்குல கரி நிக்குது"ன்னா, "ஆமாங்க, தீ ஜாஸ்தியாப் போச்சுங்க"ன்னு தலைய ஆட்டிட்டுப் போவா. வாயில வந்தத நான் சொல்றேன், அதயும் ஒருத்தி கேட்டுட்டுப் போறா. என்னன்னு சொல்றது.

வருசம் முழுக்க இதே ரோதனை. செடி மட்டும் நல்லா வந்துச்சு. தெருவே வந்து கறிவேப்பில கிள்ளிட்டுப் போகும்.

ஒரு நாள் ஐப்பசி மழை ஊத்துது. குடையப் புடிச்சுட்டு, டம்ளருக்கு மேல ஒரு மூடியும் போட்டுக்கிட்டு வந்து நிக்கறா. குளுருக்கு எதோ ஒண்ணு சூடா இருந்தாச் சரின்னு வாங்கிக் குடிச்சேன். மழையப் பாத்துக்கிட்டே குடிச்சேனா, அடி வரைக்கும் போயிருச்சு. இவ மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. "என்னங்க நங்கையா?" "ம். குடிக்கலாம்"னேன். அவ்வளவுதான் கண்ணு நான் சொன்னது. குடையத் தூக்கிப் போட்டுட்டு, நனையற தொவைக்கற கல்லு மேல உக்காந்து அழுகறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு, என்னமோ எதோன்னு. என்ற தம்பி ஓடி வந்தான். "என்னடி ஆச்சு?" "நங்கையா குடிக்கலாம்னுட்டாங்க." அதக் கேட்டு அவனும் கண்ணத் தொடைக்கறான். புருசனும் பொண்டாட்டியும் ஒரே மாதிரிக் கிறுக்கு.

அது என்ன பெரிய பாராட்டா? நீயே சொல்லு.

எங்கூட்டுல பேச்சு அப்பிடித்தான் கண்ணு. எங்கப்பன் எனக்குப் பாத்த மாப்பிள்ளையப் பாத்துட்டு வந்து, "பொழைச்சுக்குவான்"னு மட்டும்தான் சொன்னாரு. கல்யாணம் முடிவாயிருச்சுன்னு எங்கம்மா அரிசி அளக்கப் போயிட்டா. தம்பி கல்யாணத்துப் பந்திய ஊரே மெச்சுச்சு, நான் "திங்கலாம்"னேன், சமையல்காரன் வந்து கையெடுத்துக் கும்புட்டான். நல்லாருக்குது, பிரமாதம், ஆகா ஓகோன்னெல்லாம் நாங்க யாருக்குச் சொல்லுவோம்? ஊட்டுக்கு விருந்தாளியா வர்ற புடிக்காத ஒறம்பரை பலகாரம் கொண்டாந்தாச் சொல்லுவோம். அவிய போன பொறகு பலகாரத்த மாட்டுக்கு வெச்சுருவோம். நம்ம சனத்துக்கிட்ட எதுக்கு அந்த நடிப்பு?

செரி, கதையக் கேளு. அடுத்த வாரம் பாத்தா, பழுப்புக் காயிதப் பையில தூளப் போட்டு, மேல "குடிக்கலாம்"னு அச்சடிச்சு வெச்சிருக்கா. "என்னடி இது?" "கம்பெனிப் பேருங்க நங்கையா." கம்பெனியாம்! கட்டில்ல எல காயுது, கம்பெனியாம்.

ஆனா ஒலகத்துல கிறுக்குக்குப் பஞ்சமா? வாங்க ஆரம்பிச்சுட்டானுக. ஃபோன்லயே கேப்பானுக, கொரியர்ல போகும். மெட்ராசு, பம்பாயி, எங்கயோ கடலுக்கு அக்கட்ட இருக்கற ஊரு. அவனுக எழுதறத என்ற தம்பி படிச்சுக் காட்டுவான். ஒருத்தன் மழ பேஞ்ச மண்ணு வாசம் வருதுங்கறான். ஒருத்தி அவங்க ஊட்டுத் தோட்டத்துத் தேனு ஞாபகம் வருதுங்கறா. டீ குடிச்சா டீ ஞாபகம் வரோணும். மண்ணு ஞாபகம் வந்தா டாக்டரப் பாக்கோணும்.

முன் ரூமு போச்சு, டப்பா அடுக்குனா. காரு நிறுத்தற ஷெட்டு போச்சு, சட்டி வெச்சா. தெருவுல சும்மா இருந்த பொம்பளைகளக் கூட்டியாந்து எல உருட்ட உட்டா. அதுகளும் நல்ல சோம்பேறிக கண்ணு. காலையில வந்து கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கும். சுகந்தி எனக்கு டம்ளரு கொண்டாந்து குடுத்து, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒருத்தி ஒரு டப்பா அடைக்க மாட்டா. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, "நங்கையா சொல்லியாச்சாக்கா?"ன்னு கத்துவாளுக. இவ இங்கிருந்து, "ஆச்சு, ஆச்சு"ம்பா. அப்பறந்தான் டப்பா சத்தம் கேக்கும். சில நாளு நான் செடிக்கு ஊத்தீட்டன்னா அன்னிக்கு அதுகளுக்கு லீவு மாதிரி, எல்லாச் சட்டியும் கவுந்துரும். என்ற சாக்க வெச்சு வேலைக்கு டிமிக்கி குடுக்கறாளுகன்னு எத்தனயோ தடவ சொன்னேன். கேட்டாத்தானே.

இந்தப் படம் அப்ப வந்ததுதான். கோயமுத்தூர்ல இருந்து படம் வரையற புள்ள ஒண்ணு வந்துச்சு, ஜீன்ஸு போட்டுட்டு. பொடக்காளியில என்னயப் பாத்துது, நான் டம்ளர வாயில வெச்சிருக்கேன், நோட்டுல கிறுக்கிட்டுப் போயிருச்சு. டப்பா வந்த பொறகுதான் எனக்கே தெரியும். "மூஞ்சியப் பாருடி, வேப்பெண்ணெ குடிச்சவளாட்ட"ன்னு வஞ்சேன். "நீங்க இப்பிடித்தான் இருப்பீங்க நங்கையா, எனக்கு இந்த மூஞ்சிதான் வேணும்"கறா. எகத்தாளத்தப் பாத்தியா? ஒரு வாரம் நான் அவகூடப் பேசல. டம்ளரு மட்டும் வாங்கிக் குடிச்சேன். அந்த மொத டப்பாவுல நான் இன்னைக்கும் தொவரம்பருப்புப் போட்டு வெச்சிருக்கேன். தகரம் கெட்டித் தகரம், அதுக்காக.

குஞ்சப்பனை வந்துருச்சு. செக்போஸ்ட்டு. இந்தா, இந்த எலுமிச்சம்பழத்தக் கையில வெச்சுக்க, மேல வளைவு ஜாஸ்தி.

எங்க உட்டேன்? ஆ, பெங்களூர்க்காரன். அங்கதான் சனி புடிச்சுது. பேரு வருணோ கிருணோ. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு, காலுல சாக்ஸில்லாத ஷூ. இவனுக்கு டீத்தூளு மேல ஆச வந்துருச்சாம், கம்பெனியில பங்கு போடறானாம். வாயத் தொறந்தா ஸ்கேலு. ஸ்கேல் பண்ணணும் மேடம், ஸ்கேல் பண்ணணும்பான். எனக்கு ஸ்கேலுன்னா வாத்தியார் முட்டியில அடிச்சதுதான் தெரியும். என்னயப் பாத்து, "அம்மா, நீங்கதான் நம்ம ஃபேஸ்"ன்னான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். "அதே, அதே எக்ஸ்பிரஷன்!"னு கை தட்டறான். லூசுப் பய.

அரவேணுகிட்ட பெரிய ஷெட்டு போட்டாங்க. மிஷினு வந்துச்சு. எல உருட்டறதுக்கு மிஷினு, டீத்தூளச் சின்னச் சின்னப் பையில அடைச்சு நூலு கட்டறதுக்கு மிஷினு. பொம்பளைக எல்லாம் தலையில பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கிட்டு, ஆஸ்பத்திரில பெத்துக்கப் போறவளாட்டம் நிக்கறாளுக. சுகந்தி வாரத்துல பாதி நாளு மேலயே தங்கீருவா. என்ற தம்பி மில்லு வேலைய உட்டுட்டு அவ பின்னால சாவிக்கொத்தத் தூக்கிட்டு அலையறான். எனக்கு டம்ளரு வர்றது கொறைஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு நான் பால் ஊத்தி நம்ம டீயவே போட்டுக் குடிச்சேன். அது என்னமோ, பழக்கம் உட்டுப் போனதுல அது வாயில வெக்க முடியல. பாலு சரியில்ல. இப்பெல்லாம் பால்காரன் தண்ணியில பால ஊத்தறான்.

அந்த வருண் ஒரு புதுச் சரக்குக் கொண்டாந்தான். ரோஜா டீ. நாடு பூராக் கடை வெச்சிருக்கற ஒரு பெரிய கம்பெனிக்காரங்க அதக் கேட்டாங்களாம். அவிய சரின்னு தலையாட்டிட்டா, அத்தன கடையிலயும் நம்ம டப்பா நிக்கும். தலையாட்டலைன்னா அந்த ஷெட்டும் மிஷினும் வௌவாலுக்கு. அதனால ஷெட்டு தெறப்பு விழாவுக்கே அவியளக் கூப்புட்டு, அங்கயே அந்த டீயக் குடுக்கறதுன்னு ஏற்பாடு. இதுல ஒண்ணு கவனிச்சுக்க. ஆரம்பத்துல இருந்து அவ பண்ணுன அத்தன கண்றாவியும் மொதல்ல என்ற பொடக்காளிக்குத்தான் வந்துச்சு. ரோஜா டீ மட்டும் வரல. நான் கேக்கல. நான் எதுக்குக் கேக்கறேன்? எனக்கென்ன அதக் குடிக்கோணும்னு வேண்டுதலா?

விழாவுக்குக் காரு அனுப்பிச்சா. பச்சைப் பட்டுக் கட்டிட்டுப் போனேன். மேடை, மைக்கு, பந்தலு, கேமராக்காரன். அந்தக் கடைக்காரங்க முன் வரிசையில கோட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. வருண் மைக்கப் புடிச்சு என்னமோ பேசிட்டு என்னய மேல கூப்புடறான். நான் மேடையில நின்னு அந்த டீயக் குடிச்சு, எல்லாத்துக்கும் முன்னால "குடிக்கலாம்"னு சொல்லோணுமாம். அத ஃபோட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்களாம். சர்க்கஸ்ல கரடிய ஏத்தி உட்ட மாதிரி நிக்கறேன். ஒரு பீங்கான் கப்புல கொண்டாந்தாங்க. "எனக்கு டம்ளருதான்"னேன். சுகந்தியே ஓடிப் போய் டம்ளர்ல ஊத்திக் கொண்டாந்தா. வாங்கறேன். டம்ளரும் என்ற வளையலும் ஒண்ணுல ஒண்ணு இடிச்சுச் சத்தம் கேக்குது.

குடிச்சேன்.

சோப்பு கண்ணு. குளிக்கற சோப்பு. ரோஸ் கலருல வருமே, அதக் கரைச்சுக் குடுத்த மாதிரி. ரோஜாப்பூவு அந்தப் பக்கமாப் போகவே இல்ல, பாட்டில்ல வர்ற எசன்ஸு. எலையோட வாசம் எங்கயோ அடியில கெடந்து மூச்சு முட்டுது. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. முழுங்கிட்டு நிமுந்து அவ மூஞ்சியப் பாத்தேன். கண்ணுக்குக் கீழ கரிச்சட்டி தேச்ச மாதிரி இருக்குது. எப்ப தூங்குனாளோ. ஊட்டுல கொழந்தை குட்டி இல்ல அவளுக்கு, இதத்தான் கொழந்தையாட்டம் தூக்கிட்டுத் திரிஞ்சா. சொல்றதுக்கென்ன, அவ மேல அன்னிக்கு எனக்கு அப்பிடி ஒரு பாசம் வந்துச்சு. போகட்டும், நம்ம வாயால இவ கெட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன்.

மைக்க வாங்குனேன். "பிரமாதம்!"னேன். "ரொம்ப ரொம்ப நல்லாருக்குதுங்க! இப்பிடி ஒரு டீய நான் குடிச்சதே இல்லீங்க! அமிர்தம்!"

அறுவது வருசத்துல ஒருத்தருக்கு நான் அப்பிடிச் சொன்னதில்ல கண்ணு. என்ற ஊட்டுக்காரரச் சொன்னதில்ல, நான் பெத்த மகனச் சொன்னதில்ல. அவளுக்காகச் சொன்னேன். பந்தலே கை தட்டுது. கோட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க. வருண் விசிலடிக்கறான்.

இந்த மகராசி என்ன பண்ணுனா தெரியுமா? மூஞ்சி செத்துப் போச்சு. என்ற கையில இருந்த டம்ளரப் புடுங்கி, மிச்சத்த ஒரு வாய் குடிச்சா. டம்ளரக் கீழ வெச்சா. மைக்கு முன்னால போய் நின்னு, "எல்லாரும் மன்னிச்சுக்குங்க. இந்த டீ எங்க கம்பெனில இருந்து வெளிய போகாதுங்க"ங்கறா.

வருண் ஓடி வர்றான். "மேடம், என்ன பண்றீங்க? என்ன பிரச்சன?" இவ சொல்றா, "எங்க நங்கையா இதக் குடிக்கலாம்னு சொல்லலீங்க." அவனுக்குத் தமிழு அரைகுறை. "அமிர்தம்னு சொன்னாங்களே! பிரமாதம்னு சொன்னாங்களே!" "அதத்தாங்க நானும் சொல்றேன்"கறா.

பாத்தியா அநியாயத்த? நான் கூசாம அவளுக்காகப் பொய் சொல்றேன், அவ அத மைக்கு வெச்சு ஊருக்குச் சொல்றா. கோட்டுக்காரங்க கெளம்பீட்டாங்க. கேசரி கூடச் சாப்புடல. வருண் நாலு நாளு ஃபோன்ல கத்திட்டு, அப்பறம் வர்றதே இல்ல. நூலு கட்டற மிஷின லாரில ஏத்திட்டுப் போயிட்டான்.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து இறங்குனதும் புடிச்சுக்கிட்டேன். "ஏண்டி, அத்தன பேரு முன்னால என்னய அசிங்கப்படுத்திட்டியே, உனக்கு நான் என்ன கொற வெச்சேன்?" காரப் புடிச்சுட்டு நின்னா. கண்ணுல தண்ணி. "என்னயப் பாத்து அந்த வார்த்தையச் சொல்லீட்டீங்களே நங்கையா. நான் உங்களுக்கு ஒறம்பரை ஆயிட்டனா?"ன்னா.

இது என்ன பேச்சு? தம்பி பொண்டாட்டி எப்பிடி ஒறம்பரை ஆவா? நானும் இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வெளங்கல. எனக்கும் ஆத்தரம் தாங்கல. "நீ மட்டும் அத என்ற பொடக்காளிக்குக் கொண்டாந்தியாடி?"ன்னு கேட்டேன். உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. மக்யா நாளே பொட்டியக் கட்டிட்டு மேல ஷெட்டுக்குப் போனவதான். பழைய பொம்பளைகளும் அவ பின்னாலயே போயிட்டாளுக. மறுபடியும் கையில உருட்டறாளுகளாம், இரும்புச் சட்டியாம். ஸ்கேலு, மிஷினு, அத்தனயும் பாத்துட்டு மறுபடியும் சட்டிக்கே வந்து நிக்கறா. இவளெல்லாம் ஒரு கம்பெனிக்காரி.

அதுக்கப்பறம் டம்ளரு வரல கண்ணு. கார்த்திகை போச்சு, பொங்க நோம்பி போச்சு. பொங்கலுக்கு வந்தா, கால்ல உழுந்தா, சேலை குடுத்தா, போயிட்டா. டம்ளரு குடுக்கல. காலையில எந்திரிச்சா எனக்கு வாய் என்னமோ மாதிரி இருக்குது. வையறதுக்கு ஒரு ஆளில்லாம ஒரு பொம்பள எப்பிடிப் பொழுது ஓட்டறது? கறிவேப்பிலைச் செடி வேற வாடிப் போச்சு. நானும் கொடங் கொடமாத் தண்ணி ஊத்திப் பாத்துட்டேன், தழைய மாட்டீங்குது. அத வெறிச்சுப் பாத்துட்டுத் தொவைக்கற கல்லு மேல உக்காந்திருந்தா எனக்கு அழுகையா வருது. எம் புருசன் செத்தப்பக் கூட நான் அப்பிடி உக்காந்ததில்ல. நீ யாருகிட்டயும் சொல்லீராத.

இன்னைக்குக் காலையில வாசல்ல காரு சத்தம். அவளாக்கும்னு எந்திரிச்சுப் போனா, டிரைவரு நிக்கறான். கையில இந்தப் ப்ளாஸ்க்கு. "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க"ங்கறான். வந்துச்சு பாரு கோவம். டிரைவருகிட்டச் சொல்ற நாயமா இது? அவ கொண்டாந்து நிப்பா, நான் மூஞ்சிக்கு நேரா வைவேன், அதுதான மொறை? "நீ போடா, நானே வந்து சொல்லிக்கறேன்"னேன். "கார்லயே வாங்கம்மா"ன்னான். அவ காரு எனக்கெதுக்கு? அதான் பஸ்ஸு.

போனதும் கேக்கறேன் பாரு. நல்லாக் கேக்கறேன். எல பறிக்கறப்ப மழை பேஞ்சிருக்குது, அதத் தொடைச்சுட்டு வாட்டோணும்னு கூடத் தெரியல. மொத வாயில ஒரு ஈர வாசம் நிக்குது. அப்பறம் அது போயி, கடைசியா அடி நாக்குல ஒரு இனிப்பு வருது. அது எதுக்கு வருது? அவள யாரு அத வரவெக்கச் சொன்னா? தொண்டையில எறங்கி ரொம்ப நேரம் அங்கயே நிக்குது, போவே மாட்டீங்குது. மனுசிய ஒரு வேல செய்ய உடாம. கேக்கறேன், எல்லாத்தயும் கேக்கறேன்.

என்ன பண்றே? டப்பாவ எதுக்கு ஜன்னலுக்கு வெளிய நீட்டறே? தூக்கிப் போடவா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? காசு குடுத்துத்தான வாங்குனே? உள்ள வெய்யி. பைக்குள்ள வெய்யி. சிநேகிதிகிட்டச் சொல்லு, பால் காச்சற ஊடுன்னு இதுலயும் பால ஊத்தித் தொலைச்சராதீங்கன்னு. தண்ணி கொதிச்சதும் அடுப்ப அமத்தி, கொதி அடங்குன பொறகு எல மேல ஊத்தோணும். மூடி வெக்கோணும். ஃபோனப் பாத்துட்டு மறந்துட்டா கசந்துரும், அப்பறம் எங்க சுகந்தியக் கொற சொல்லக் கூடாது.

அரவேணு வந்துருச்சு. கண்டக்டரு, இங்க ஆளு எறங்கோணும்! அந்த வளைவு தாண்டித் தகர ஷெட்டு தெரியுது பாரு, அதுதான். வாசல்லயே நிக்கறா பாத்தியா, அந்த டிரைவருதான் ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கான். நிக்கட்டும்.

கண்ணு, காலுக்கடியில அந்தப் ப்ளாஸ்க்கு இருக்குது, எடுத்துக் குடு. எதுக்கு ஆட்டிப் பாக்கறே? காலிதான். நீ பஸ்ஸுல ஏறறதுக்கு முன்னாலயே காலி. ஊத்திட்டனான்னா கேக்கறே?

பஸ்ஸுல ஏது கண்ணு கறிவேப்பிலைச் செடி?